சுட்டி சான்றாகுமா? இணையவழிக் குறித்தலும் உரைக்குறிப்பும் பகிர்வும் குறித்து ஒரு மறுப்புரை

முன்னுரை

இணையத்தில் கண்ட பக்கத்தைக் குறித்து வைத்தல், அதன் ஓரத்தில் கருத்தெழுதுதல், குறித்ததையும் எழுதியதையும் பிறரோடு பகிர்தல் ஆகிய மூன்றும் இன்று தமிழாய்வாளரின் அன்றாடச் செயல்களாகிவிட்டன. எனினும் ஆய்வு முறையியல் கற்பிக்கும் வகுப்புகளில் இவை பாடமாக வைக்கப்படுவது அரிது. அட்டையில் குறிப்பெடுக்கும் முறையை விரிவாகக் கற்பிக்கும் நாம், திரையில் குறிப்பெடுக்கும் முறையை மாணவரின் மனம்போன போக்கிற்கு விட்டுவிட்டோம்.

இது குறித்துத் தமிழ்த்துறைகளில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. இணையக் குறிப்பு ஆய்வாகாது; அச்சு நூலே சான்று என்பது ஒன்று. இணையத்தில் எல்லாம் இருக்கிறது. சுட்டியைக் கொடுத்தால் போதும் என்பது மற்றொன்று. முன்னதை மூத்தோர் பலரும் பின்னதை இளையோர் பலரும் கொண்டிருப்பதால் இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டின் விளைவும் ஒன்றே. இணையத்திலிருந்து எடுத்த சான்றை எவரும் சரிபார்க்க இயலாத நிலையையே இரண்டும் உண்டாக்குகின்றன. ஆதலின் இவ்விரு கருத்துகளையும் மறுத்து, இணையவழிக் குறித்தலும் குறிப்பெழுதுதலும் நம் உரைமரபின் தொடர்ச்சியே என்பதையும், அத்தொடர்ச்சிக்குரிய ஒழுங்கினை நாம் இன்னும் மேற்கொள்ளவில்லை என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துணைநூற்பட்டியலின் இன்றைய நிலை

அண்மைக்கால ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலைப் புரட்டுவோர் 'இணையதளங்கள்' என்னும் தலைப்பின்கீழ் என்ன காண்கின்றனர்? ஒரு தளத்தின் முகப்பு முகவரி மட்டும் தரப்பட்டிருக்கும். எந்தப் பக்கம், எந்த நாளில் பார்க்கப்பட்டது, எழுதியவர் யார் என்பன இரா. சில ஏடுகளில் தேடுபொறியின் முகவரியே சான்றாக நிற்கும். தேடுபொறியைச் சான்று காட்டுவது, 'கன்னிமாரா நூலகத்தில் படித்தேன்' என்று அடிக்குறிப்பு எழுதுவதற்கு ஒப்பாகும். நூலகத்தின் பெயரைச் சான்றாக ஏற்காத நெறியாளர், தேடுபொறியின் பெயரை ஏற்பது ஏன்?

மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளைப் பயன்படுத்தும் முறையும் இத்தகையதே. 1998ஆம் ஆண்டில் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின் கோப்புகளின் தலைப்பில், பதிப்பு குறித்த செய்திகளும், தட்டெழுதியோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களும் நன்றியுடன் பதிவு செய்யப்பட்டிருக்கும். நம் மாணவர்கள் பாடலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு அத்தலைப்பை விட்டுவிடுகின்றனர். பின்னர் அப்பாடலின் ணகர னகர வேறுபாட்டையோ ரகர றகர வேறுபாட்டையோ பாடவேறுபாடு என்று கருதி வாதிடுகின்றனர். அது ஏட்டின் பாடமா, அச்சுப்பதிப்பின் பிழையா, தட்டெழுத்துப் பிழையா என்று அறியும் வழி அவர்களே களைந்துவிட்ட தலைப்பில் இருந்தது. ஆகவே இணையத்தில் சான்று இல்லை என்னும் குற்றச்சாட்டு முழுவதும் பொருந்தாது. சான்று இருந்தும் நாம் அதனைக் குறித்துக்கொள்ளவில்லை.

டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில், எந்த ஏட்டுப்பிரதி எவரிடமிருந்து கிடைத்தது என்பதைப் பட்டியலிட்டுக் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, சொற்பொருளை அடுத்து அது பயின்ற நூலின் பெயரையும் இடத்தையும் சுருக்கக் குறியீட்டால் தருகிறது. சான்றின் மூலத்தைச் சுட்டுதல் என்னும் இவ்வொழுக்கம் நம் துறையின் அடித்தளம். கருவி மாறியபோது ஒழுக்கம் தளர்ந்ததற்குக் கருவியைக் குறை கூறுதல் முறையன்று.

உரைமரபும் ஓரக்குறிப்பும்

குறித்தல், குறிப்பெழுதுதல், பகிர்தல் ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் இணைத்துக் காணும் எண்ணம் இணையத்திற்கு முற்பட்டது. அமெரிக்கப் பொறியியலறிஞர் வனீவர் புஷ் 1945 சூலையில் 'தி அட்லாண்டிக் மந்த்லி' இதழில் எழுதிய கட்டுரையில் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனைக் கருவியை விவரித்தார். சிலுவைப் போர்க் காலத்தில் துருக்கியரின் குறுவில் ஆங்கிலேயரின் நெடுவில்லினும் சிறந்து விளங்கியது ஏன் என்று ஆராயும் ஒருவர், நூல்களின் பக்கங்களை ஒன்றோடொன்று கோத்து, இடையிடையே தம் கையெழுத்துக் குறிப்பையும் சேர்த்து, அக்கோவை முழுவதையும் படியெடுத்து நண்பருக்கு அளிப்பதாக அவர் எழுதிய எடுத்துக்காட்டு அமைந்துள்ளது. பக்கத்தை மட்டுமன்றிப் பக்கங்களுக்கிடையே ஆய்வாளர் கண்ட தொடர்பையும் பகிர்வதே அதன் சிறப்பு.

தமிழுக்கு இவ்வெண்ணம் புதிதன்று. மூலத்தின் பகுதியை எடுத்துக் கூறி, அதனருகே பொருளுரைத்து, பிறர் கருத்தை மறுத்தோ உடன்பட்டோ எழுதி, அவ்வுரையை மாணாக்கர் வழிப் பரப்புதல் நம் உரையாசிரியர்களின் தொழில். வையவிரி வலைக் கூட்டமைப்பு 2017 பிப்ரவரியில் வெளியிட்ட வலைக் குறிப்புரைத் தரத்தை உரைமரபு அறிந்த ஒருவர் படித்தால் வியப்படைவார். அத்தரத்தின்படி ஒவ்வொரு குறிப்பிற்கும் உடல், இலக்கு என்னும் இரு கூறுகள் உண்டு. எழுதும் கருத்து உடல். அக்கருத்து எதனைப் பற்றியதோ அது இலக்கு. இலக்கினைச் சுட்டும் வழிகளுள் ஒன்று, குறிக்கப்பட்ட தொடரையும் அதன் முன்னுள்ள சில எழுத்துகளையும் பின்னுள்ள சில எழுத்துகளையும் சேர்த்துப் பதிவு செய்தல். நூற்பாவின் முதலையும் ஈற்றையும் சுட்டி இடம் காட்டும் பழைய வழக்கத்திலிருந்து இது எவ்வளவு தொலைவில் உள்ளது? ஏடு மாறினாலும் வரி மாறினாலும் சொல்லைக் கொண்டு இடத்தைக் கண்டறியலாம் என்பதே இரண்டிற்கும் பொதுவான எண்ணம்.

இத்தரத்தைப் பின்பற்றும் திறமூலக் கருவியாகிய ஹைப்பாதிசிஸ் போன்றவற்றைக் கொண்டு, ஒரு மின்பதிப்பின் எந்தச் சொல்லின்மீதும் ஆய்வாளர் குறிப்பெழுதலாம். மற்றவர் அதே பக்கத்தில் அதனைக் காணலாம்; விடையெழுதலாம். ஓர் ஆசிரியரின் ஓரக்குறிப்புகள் அவர் நூலடுக்கில் அடைபட்டுக் கிடந்த காலத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே 'இணையக் குறிப்பு ஆய்வாகாது' என்போர், உரையும் ஆய்வாகாது என்று கூறத் துணிவரா என்பதே இக்கட்டுரையின் முதல் வினா.

மறைந்த சேவைகள்

இனி இரண்டாம் கருத்தை நோக்குவோம். சுட்டியைச் சேமித்துவிட்டால் சான்று நிலைத்துவிடும் என்று எண்ணுவோர் கடந்த இருபதாண்டு வரலாற்றை மறந்தவர் ஆவர்.

2003இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் என்னும் தளம், புத்தகக்குறிகளைக் குறிச்சொற்களுடன் பொதுவில் வைக்கும் வழக்கத்தைப் பரவச் செய்தது. 2005இல் யாஹூ நிறுவனம் அதனை வாங்கியது. 2011இல் அது கைமாறியது, பின்னரும் கைமாறியது, 2017இல் பின்போர்டு என்னும் போட்டிச் சேவையால் வாங்கப்பட்டுப் புதிதாக எதுவும் சேர்க்க இயலாத நிலையை அடைந்தது. ஆய்வாளர்களுக்கென்றே நேச்சர் பதிப்பகக் குழுமம் 2004இல் தொடங்கிய கொனோட்டியா 2013இல் மூடப்பட்டது. அதே 2004இல் தோன்றி, ஆய்வுக் கட்டுரைகளைக் குறித்துப் பகிர உதவிய சைட்யூலைக் 2019இல் நின்றது. எந்தப் பக்கத்தின் ஓரத்திலும் குறிப்பெழுதலாம் என்று கூகுள் 2009இல் தந்த சைட்விக்கி 2011இல் கைவிடப்பட்டது. பலரின் அன்றாடப் படிப்பைத் தாங்கிய கூகுள் ரீடர் 2013 சூலையிலும், பின்னாளில் படிப்பதற்கெனப் பக்கங்களைச் சேமித்துத் தந்த பாக்கெட் 2025 சூலையிலும் மூடப்பட்டன.

இப்பட்டியலில் உள்ளவற்றுள் எதுவும் பயனற்றதென்று மூடப்படவில்லை. சேவையை நடத்துவோரின் கணக்கும் நம் ஆய்வின் கணக்கும் வேறு. ஓர் ஆய்வேட்டிற்கு ஐந்தாண்டு, ஓர் அகராதிக்கு இருபதாண்டு, ஒரு பதிப்பிற்கு வாழ்நாள் என்று கணக்கிடும் துறை, ஆண்டுக்கு ஆண்டு இலாபம் பார்க்கும் இடத்தில் தன் குறிப்புகளை ஒப்படைத்துவிட்டு உறங்குதல் தகுமா?

குறிப்பு நிலைத்தாலும் குறிக்கப்பட்ட பக்கம் நிலைப்பதில்லை. ஜோனதன் சிட்ரெய்ன், கெண்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெஸ்ஸிக் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஐக்கிய அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய முகவரிகளுள் பாதியளவும், ஹார்வர்டு சட்ட ஆய்விதழில் காட்டப்பட்டவற்றுள் 70 விழுக்காட்டிற்கு மேலும் முதலில் சுட்டிய செய்தியைத் தரவில்லை என்று கண்டனர். 2013இல் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் அறிவித்தது. பொருளும் ஆளும் மிகுந்த சட்டத்துறையின் சான்றுகளே இந்நிலையில் இருக்க, தனியொருவர் ஆர்வத்தால் நடைபெறும் தமிழ்த் தளங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். தமிழர் பலர் தம் தொடக்ககால வலைப்பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தின் பொதுச்சேவையை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது, தமிழ் இணையத்தின் முதற்பருவச் சான்றுகள் பல அதனோடு போயின. சில பகுதிகளைத் தன்னார்வலர் படியெடுத்துக் காத்தனர். நம் துறைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன?

மூலம் நிலைக்க, உரை மறையும் அவலமும் நமக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 380 பாடல்களுக்குப் பேராசிரியரும் அவர் விட்ட 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினர் என்னும் செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வுரை கிடைக்கவில்லை. 1937இல் உ.வே.சா. தாமே புதிதாக உரையெழுதிப் பதிப்பிக்க வேண்டியதாயிற்று. படியெடுக்காமையால் நேர்ந்த இழப்பு இது. ஓலையில் ஒரு படி எழுதப் பல நாள் வேண்டும். இன்று ஒரு நொடி போதும். அந்த நொடியையும் செலவிடாதவர்க்குக் காலத்தையும் கரையானையும் நொந்துகொள்ளும் உரிமை இல்லை.

தமிழெழுத்திற்கே உரிய இடர்கள்

மேற்கூறியன எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழ்க் குறிப்புகளுக்கெனத் தனி இடர்களும் உண்டு. இவற்றைக் கருவி செய்வோர் அறியார். அறிந்து சொல்ல வேண்டியவர் நாமே.

முதலாவது, முகவரியின் நீளம். ஒருங்குறியில் அமைந்த ஒவ்வொரு தமிழ்க் குறியும் வலைமுகவரியில் 9 உரோமன் குறிகளாக விரியும். 'தொல்காப்பியம்' என்னும் ஒரு சொல் 13 குறியிடங்களைக் கொண்டிருப்பதால் முகவரியில் 117 குறிகளாக நீண்டுவிடும். அதனை அச்சிதழில் இருவரி மூவரியாக முறித்து அச்சிட்டால் எந்தப் படிப்பாளரும் பார்த்துத் தட்டெழுத இயலாது. அச்சில் இருந்தும் பயன்படாத அடிக்குறிப்பு அது.

இரண்டாவது, எழுத்தின் உள்ளமைப்பு. 'கொ' என்னும் உயிர்மெய்யைக் ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் நிகராகக் கொள்ள வேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. அவ்விதியை முழுமையாகப் பின்பற்றாத கருவி இரண்டையும் வெவ்வேறு சொல்லாகக் கருதும். ஔகாரத்திற்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோர் பலர். கால் குறியின் இடத்தில் ரகரம் புகுந்த மின்பதிப்புகளும் உள. 'ஸ்ரீ' என்பதற்கும் இருவகைக் குறியேற்றம் வழங்குகிறது. தேடியபோது குறிப்பு கிடைக்கவில்லை என்றால், குறிப்பே இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, பழைய குறியேற்றங்கள். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் ஆகிய குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டன. தஸ்கி முதலியனவும் இதழ்கள் தத்தமக்கென அமைத்துக்கொண்ட எழுத்துருக்களும் ஒருபுறம் வழங்கின. அக்காலப் பக்கங்களை இன்று திறந்தால் உரிய எழுத்துரு இன்றேல் பொருளற்ற குறிகளே தோன்றும். அவற்றிலிருந்து எடுத்த மேற்கோளும் அவ்வாறே சேமிக்கப்படும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றபின் புதியன எழுதுவதில் குழப்பம் நீங்கியது. பழையனவற்றை மாற்றிக் குறித்து வைக்கும் பணி பெரும்பகுதி எஞ்சியிருக்கிறது.

நான்காவது, சந்தி. ஒரே சங்கப்பாடல் ஒரு தளத்தில் சீர்பிரித்தும் மற்றொன்றில் சொற்பிரித்தும் தரப்பட்டிருக்கும். சொல்லைக் கொண்டு இடம் காணும் கருவி, தளத்தார் பாடத்தைச் சொற்பிரித்து மாற்றிய அன்றே இடத்தைத் தவறவிடக்கூடும். இடம் இழந்த குறிப்புகளைக் கருவி செய்வோர் ஆங்கிலத்தில் 'அனாதைகள்' என்றே பெயரிட்டழைக்கின்றனர். பெற்றவரே கைவிட்ட பின் அப்பெயர் பொருத்தமானதே. பாடல் எண், அடி எண், பதிப்பாசிரியர் பெயர், பதிப்பாண்டு ஆகியவற்றைக் குறிப்பின் உடலிலேயே எழுதிவைத்தால், பக்கம் அழிந்தாலும் அக்குறிப்பு தன் மூலத்தைத் தேடிச் சேரும். இவ்வளவு எளிய தீர்வைக் கற்பிக்க எந்த நிதியுதவியும் தேவையில்லை.

பகிர்வும் பெயரும்

இன்று நம் துறையில் மிகுதியாக நிகழும் பகிர்வு வாட்ஸ்அப் குழுக்களில் நிகழ்கிறது. தலைப்புப் பக்கம் நீங்கிய மின்னூற்கோப்பு, எவர் எழுதினார் என்று அறியவொண்ணாத விளக்கம், எங்கிருந்து எடுக்கப்பட்டதென்று தெரியாத கல்வெட்டுப் படம் ஆகியன நாள்தோறும் கைமாறுகின்றன. அனுப்புவோர் நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. ஆனால் மூலம் சுட்டாப் பகிர்வு, அறியாமையையும் சேர்த்தே பரப்புகிறது. மூன்று கை மாறியபின் ஒருவர் ஊகம் 'அறிஞர் கருத்து' ஆகிறது; ஐந்து கை மாறியபின் 'வரலாற்றுச் செய்தி' ஆகிறது. ஏழாவது கையில் அது ஆய்வேட்டினுள் நுழைகிறது.

இதற்கு நேர்மாறான குறை ஒன்றும் உண்டு. தம் குறிப்புகளை எவர்க்கும் காட்டாத அறிஞர் பலர். எழுதியதைப் பிறர் எடுத்துக்கொண்டு பெயர் கூறாது விடுவர் என்னும் அச்சம் அவர்களுக்கு உண்டு. அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும் நாளும் பெயரும் இட்டுப் பொதுவில் வைத்த குறிப்பே முந்துரிமைக்குச் சான்றாகும். பூட்டி வைத்தது சான்றாகாது. ஒன்றை மட்டும் எச்சரித்தல் வேண்டும். சில கருவிகளில் பொதுவெளியில் இடும் குறிப்புகள் எவரும் எவ்வகையானும் பயன்படுத்தத்தக்க பொதுவுடைமையாகிவிடும். ஹைப்பாதிசிஸ் கருவியின் பொதுவெளி இத்தகையது. கையொப்பமிடுமுன் விதிகளைப் படித்து, வேண்டுமாயின் துறைக்குழுவிற்குள் மட்டும் பகிர்தல் அறிவுடைமை.

பெயரின் இன்றியமையாமையை இறையனார் அகப்பொருள் உரை உணர்த்தும். நக்கீரனார் தொடங்கி முசிறி நீலகண்டனார் ஈறாக அவ்வுரை எவரெவர் வழி வந்தது என்று பெயர் சுட்டி உரைக்கும் பகுதி அதில் உள்ளது. அவ்வரலாறு முற்றும் ஏற்கத்தக்கதா என்பது வேறு வினா. உரைக்கு வழிமுறை கூறுதல் கடமை என்று அவ்வுரைகாரர் கருதினார் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. மாறாக, புறநானூற்றின் முதல் 266 பாடல்களுக்குக் கிடைக்கும் பழையவுரையின் ஆசிரியர் யார் என்று இன்றும் அறிகிலோம். அவரைப் 'பழைய உரைகாரர்' என்று சுட்டுவதன்றி நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. புனைபெயரிலும் பெயரின்றியும் இணையத்தில் அரிய குறிப்புகள் எழுதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

தமிழகத்திற்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகளுக்குப் பகிர்வு வசதி மட்டுமன்று, வாழ்வாதாரம். தில்லியிலோ காசியிலோ திருவனந்தபுரத்திலோ பணிபுரியும் ஆய்வாளர் ஓர் அரிய முதற்பதிப்பைக் காண விரும்பின், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கோ உ.வே.சா. நூலகத்திற்கோ செல்ல விடுப்பும் செலவும் வேண்டும். சென்று வந்தவர் தாம் கண்ட பாடவேறுபாட்டை மின்பதிப்பின் அவ்வடியின் அருகே குறித்து வைத்தால், அடுத்தவர்க்கு ஒரு பயணம் மிச்சமாகும். குறித்து வைக்காவிடின், பத்துப் பேர் பத்து முறை சென்று ஒரே பிழையைக் கண்டு திரும்புவர். பல துறைகளில் ஆசிரியர் எண்ணிக்கை ஒன்றிரண்டாகச் சுருங்கியுள்ள இக்காலத்தில் இத்தகைய விரயத்தை நாம் தாங்க இயலுமா?

எழக்கூடிய மறுப்புகள்

அச்சு நூல் இருக்க இணையம் எதற்கு என்பர். அச்சு நூலையே நம்மிற் பலர் இன்று மின்படியாகத்தான் காண்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த விதிமுறைகளை அடுத்து ஆய்வேடுகள் சோத்கங்காவில் சேர்க்கப்படுகின்றன. இணையத்தில் படித்துவிட்டு அச்சுநூலைச் சான்று காட்டுதல் நேர்மையன்று. பார்த்தது எதுவோ அதனையே சுட்டுதல் வேண்டும்.

பதிப்புரிமைக்கு இழுக்காகும் என்பர். ஆய்விற்காகவும் திறனாய்விற்காகவும் நேரிய முறையில் எடுத்தாளுதலை 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஏற்கிறது. முழுநூலைப் படியெடுத்துப் பரப்புதல் வேறு. ஒரு தொடரைச் சுட்டிக் குறிப்பெழுதுதல் வேறு. முன்னதைக் கூசாது செய்துகொண்டு பின்னதற்கு அஞ்சுதல் நகைப்பிற்குரியது.

கருத்து பின்னர் மாறினால் பொதுவில் எழுதியது பழியாகும் என்பர். பதிப்புக்குப் பதிப்புத் திருத்தம் செய்த பெருமக்களின் வழிவந்தவர் நாம். நாளிட்ட குறிப்பின்கீழ் நாளிட்ட திருத்தம் எழுதுவது ஆய்வாளர்க்குப் பெருமையே.

கேட்ட உடன் விடை தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் இவ்வுழைப்பு எதற்கு என்று கேட்போரும் இன்று உளர். அக்கருவிகள் இல்லாத நூலையும் இல்லாத பக்க எண்ணையும் உண்மை போலக் கூறுவதுண்டு. சரிபார்க்கத்தக்க மனிதக் குறிப்பின் மதிப்பு அதனால் உயர்ந்திருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

செய்யத்தக்கன

மறுத்தலோடு நிற்றல் முறையன்று ஆதலின், துறைகள் மேற்கொள்ளத்தக்க ஒழுங்கு ஈண்டு முன்வைக்கப்படுகிறது.

ஒன்று, முகப்பு முகவரியையும் தேடுபொறி முகவரியையும் சான்றாகக் கொண்ட ஆய்வேட்டை நெறியாளர் திருப்பி அனுப்புதல் வேண்டும். பக்கத்தின் தலைப்பு, ஆசிரியர், முழுமுகவரி, பார்த்த நாள் ஆகிய நான்கும் இன்றி இணையச் சான்று இல்லை என்பது விதியாகட்டும். விக்கிப்பீடியாவைச் சுட்டுவோர், பார்த்த வடிவத்திற்குரிய நிலையான இணைப்பைத் தருதல் வேண்டும்.

இரண்டு, சுட்டும் பக்கத்தை அன்றே காப்பகப்படுத்துதல் வேண்டும். 1996இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷின், எவரும் ஒரு பக்கத்தைச் சேமித்து அப்படிக்கெனத் தனி முகவரி பெற வழி செய்கிறது. ஆனால் அதனை மட்டும் நம்புதலும் போதாது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி அக்காப்பகமே சில நாள் இயங்காதிருந்தது. ஆகவே ஒரு படி அங்கும், ஒரு படி தம் கணினியிலும், ஒரு படி துறையிலும் இருத்தல் நன்று.

மூன்று, தம் தரவை முழுவதும் வெளியே எடுத்துச் செல்ல இடங்கொடுக்கும் கருவிகளையே தெரிவு செய்தல் வேண்டும். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு, புதிய ஊடக மையத்தில் 2006இல் உருவான சோட்டெரோ ஒரு திறமூல மென்பொருள். பக்கத்தின் படியைச் சேமித்தல், குறிச்சொல் இடுதல், குறிப்பெழுதுதல், குழுநூலகம் அமைத்தல், அனைத்தையும் ஏற்றுமதி செய்தல் ஆகியன அதில் இயலும். எக்கருவியாயினும், உள்ளே செல்லும் வழியை விட வெளியே வரும் வழியை முதலில் பார்த்தல் வேண்டும்.

நான்கு, ஒவ்வொரு துறையும் ஒரு பொதுக் குழுநூலகம் அமைத்து, ஆண்டிறுதியில் அதன் குறிப்புகளைக் கோப்பாக்கிப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தல் வேண்டும். குறிச்சொற்களைத் துறைகள் கூடி வகுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் 'அகம்' என்றும் மற்றொருவர் 'அகத்திணை' என்றும் இன்னொருவர் 'அகப்பொருள்' என்றும் குறித்தால் மூவர் உழைப்பும் ஒன்றையொன்று காணா.

ஐந்து, இவ்வாறு எழுதிய குறிப்புகளை ஆய்வுப்பணியாக மதித்தல் வேண்டும். ஒரு மின்பதிப்பை முழுதும் அச்சுப்பதிப்போடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்தவர், சொன்னதையே சொல்லும் கருத்தரங்கக் கட்டுரை பத்து எழுதியவரினும் தமிழுக்கு மிகுதியாகச் செய்தவராவார். மதிப்பெண் பட்டியல் இதனை மறந்திருக்கும் வரை நம் இளைஞர் இப்பணிக்கு வாரார். அதற்கு அவர்களைக் குறை கூறுதலும் ஆகாது.

முடிவுரை

இணையக் குறிப்பைப் புறக்கணிப்போரும் அதனைக் கண்மூடி நம்புவோரும் ஒரே பொறுப்பைத் தட்டிக்கழிக்கின்றனர். சுட்டி தானே சான்றாகாது. எங்கே கண்டது, எந்த வடிவில் கண்டது, எவர் கண்டது, அதன் படி எங்குள்ளது என்னும் நான்கிற்கும் விடை கூறும் குறிப்போடு சேரும்போதே அது சான்றாகும். அந்நான்கும் ஓலைச்சுவடிக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டவை.

இன்று பணியிலுள்ள ஆசிரியர்கள் தம் உலாவியில் ஆயிரக்கணக்கான பக்கங்களைக் குறித்து வைத்திருப்பர். அவற்றுள் எத்தனை இன்னும் திறக்கும் என்று இக்கட்டுரையைப் படித்து முடித்த அன்றே சோதித்துப் பார்த்தல் நன்று. திறப்பனவற்றை அன்றே படியெடுத்து, குறிப்பெழுதி, மாணவரோடு பகிர்ந்துகொள்வாராக. திறவாதவற்றின் பட்டியலையும் அழிக்காமல் வைத்திருப்பாராக. இதழ்கள் மறைந்தபின் அவற்றின் பெயர்ப்பட்டியலே ஆய்வாளர்க்கு உதவியது போல, நாம் இழந்தவை எவை என்று பின்வருவோர்க்கு அதுவேனும் கூறும்.